டெலவேர் சட்டம் வடபழஞ்சியில் செல்லுமா?

என் தங்கை மகன் மதுரைப் பக்கம் வடபழஞ்சி ஐடி பூங்காவில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து நாலு தடவை அடித்திருக்கிறான். அப்புறம்தான் சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. செயல்திறன் போதவில்லை, இன்றோடு பணி முடிகிறது, திங்கட்கிழமைக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். தன் டீம் வேலையே பார்க்காத மணி நேரங்களுக்கும் வாடிக்கையாளரிடம் பில் போகிறது என்று கண்டுபிடித்து, மேலாளருக்கு மெயில் எழுதிவிட்டான்.

ராத்திரி வீட்டுக்கு வந்தவன் நியமனக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தான். பதினொரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தான்: இந்த ஒப்பந்தம் அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது, பிரச்சினை வந்தால் அங்குள்ள நீதிமன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். "மாமா, இவங்க வெளிநாட்டுக் கம்பெனி. நம்ம ஊர்ச் சட்டம் இவங்களுக்குச் செல்லுமா?"

நான் வக்கீல் இல்லை. ஒரு மில்லில் பணியாளர் பிரிவில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்து, சமரசப் பேச்சுக்கும் லேபர் கோர்ட்டுக்கும் கம்பெனி பக்கத்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அவன் கேட்டது இரண்டு கேள்வி. வேலையை விட்டுத் தூக்கியது செல்லுமா என்பது ஒன்று. தப்பைச் சொன்னதற்காகத் தூக்கினால் யார் கேட்பார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நம் சட்டத்தில் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு இருப்பது ஒரு பெரிய ஓட்டை.

கடிதத்தின் அடியில் ஒரு எண்

மஞ்சள் பூசிய வரியை விட்டுவிட்டு முதல் பக்கத்தின் அடிப்பகுதியைப் பார் என்றேன். பொடி எழுத்தில் 21 இலக்கத்தில் ஒரு எண் இருந்தது. இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனியும் தன் கடிதத்தாளில் இதை அச்சிட்டாக வேண்டும். 'யு' என்ற எழுத்தில் தொடங்கினால் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி. அடுத்து தொழிலுக்கான ஐந்து எண். பிறகு மாநிலம், இவனுடையதில் 'டிஎன்'. பிறகு பதிவான வருடம். அதற்கடுத்த மூன்று எழுத்துதான் விஷயம்: 'எஃப்டிசி'. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் துணை நிறுவனமாக இங்கே பதிவான பிரைவேட் லிமிடெட் என்று அர்த்தம். அப்பன் அமெரிக்கக்காரன், பிள்ளை தமிழ்நாட்டில் பிறந்தது. சட்டத்தின் கண்ணில் அது இந்தியக் கம்பெனி. 'வெளிநாட்டுக் கம்பெனி' என்று நாம் கூப்பிடுவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

இதே வாதத்தை அமெரிக்காவிலேயே ஒரு ஜப்பான் கம்பெனி வைத்துப் பார்த்துத் தோற்றிருக்கிறது. நியூயார்க்கில் சுமிட்டோமோ ஷோஜி அமெரிக்கா என்ற கம்பெனியில் பெண்களைச் செயலாளர் வேலையோடு நிறுத்தி, மேல் பதவிகளை ஜப்பானிய ஆண்களுக்கே கொடுக்கிறார்கள் என்று வழக்கு. 1953-ல் அமெரிக்காவும் ஜப்பானும் போட்ட நட்பு, வணிக ஒப்பந்தம் எங்களுக்கு விருப்பமானவர்களை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது, உங்கள் பாகுபாடு தடைச் சட்டம் எங்களைத் தொடாது என்றது கம்பெனி. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே கேள்வி கேட்டது: நீ எங்கே பதிவானாய்? நியூயார்க்கில். அப்படியானால் நீ அமெரிக்கக் கம்பெனி, இங்கத்திய சட்டம்தான் உனக்கு. மொத்த நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு அது.

சில கம்பெனிகள் இங்கே தனியாகப் பதிவு செய்யாமல் கிளை மட்டும் திறக்கும். அவர்களையும் 2013 கம்பெனிகள் சட்டம் விடுவதில்லை. கிளை தொடங்கி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய விவரங்களில் ஒன்று, அவர்கள் சார்பில் சம்மன், நோட்டீஸ் வாங்கிக்கொள்ள இந்தியாவில் குடியிருக்கும் ஒருவரின் பெயரும் முகவரியும். அரசாங்கமே நடத்தும் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும் வியாபாரத்தில் இறங்கிவிட்டால் பெரிய விலக்கு கிடையாது. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் இறையாண்மைப் பாதுகாப்பு கேட்டு வந்தபோது 2011-ல் நம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சரி, டெலவேர் வரி? இரண்டு வியாபாரிகள் தங்களுக்குள் அப்படி எழுதிக்கொண்டால் கோர்ட்டு அதை மதிக்கக்கூடும். வேலைக்காரன் விஷயம் வேறு. சட்டத்தையே தோற்கடிக்கிற உடன்படிக்கை செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குப் போடும் உரிமையை அடியோடு அடைக்கிற உடன்படிக்கையும் செல்லாது என்கிறது 28-ஆம் பிரிவு. தொழிலாளர் துறை அதிகாரிக்கும் லேபர் கோர்ட்டுக்கும் அதிகாரம் கொடுத்தது சட்டமன்றமும் நாடாளுமன்றமும். அதை ஒரு நியமனக் கடிதத்தின் ஒன்பதாம் பக்கம் பிடுங்க முடியாது. அப்புறம் ஏன் எழுதுகிறார்கள்? பாதி நேரம் தலைமையகத்துக் கடிதத்தை அப்படியே நகலெடுப்பதால். அமெரிக்காவில் மொன்டானா ஒரு மாநிலம் நீங்கலாக, காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்புவதுதான் பொது விதி. அந்தப் பழக்கமும் கடிதத்தோடு கப்பலேறி வந்துவிடுகிறது. மீதிப் பாதி நேரம், படிக்கிறவன் பயந்து பேசாமல் இருக்கட்டும் என்பதற்காக.

இங்கே விதி வேறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41-ஆம் பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் விசிட்டிங் கார்டில் 'லீட்' என்று போட்டுக்கொண்டால் மட்டும் யாரும் நிர்வாகி ஆகிவிட மாட்டார்கள். உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்ப்பார்கள். இது மாநிலச் சட்டம். இதுபோக, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் என்ற பழைய விதி தொடர்கிறது. வேலை போனவரின் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்கிற கடைசிக் கணக்குப் பணம் 45 நாளில் வரும் என்று இன்னமும் மெயில் அனுப்புகிற கம்பெனிகளுக்கு இதை யாராவது அச்செடுத்துக் கொடுத்தால் புண்ணியம்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி பக்கம் இன்னொரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "சார், இது எஸ்இஇசட், இங்க லேபர் சட்டம் கிடையாது." மாநில அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த அந்த இரண்டும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள்தான். வரிச் சலுகை உண்டு. ஆனால் 2005 மண்டலச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில், மத்திய சட்டங்களிலிருந்து விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்துவிட்டு அடுத்த மூச்சிலேயே ஒரு வேலி போட்டிருக்கிறார்கள்: தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலன், வருங்கால வைப்பு நிதி, பேறுகால உதவி ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது.

ஹார்வி காலத்திலிருந்து

மதுரைக்காரனுக்கு வெளிநாட்டு முதலாளி புதுசு இல்லை. எங்கள் தாத்தா தலைமுறை 'ஹார்வி மில்' என்று சொன்ன மதுரா மில், ஸ்காட்லாந்துக்கார ஹார்வி சகோதரர்களுடையது. திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டி என்று ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908 பிப்ரவரி 27 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்பது நாளில் கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை வந்தது. 1918-ல் மதுரை மில் தொழிலாளர்களுக்கு பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் சங்கம் கட்டினார். நம்மூர்ப் பக்கம் 'ரோசாப்பூ துரை' என்றால் தெரியும்.

அன்றைக்குச் சங்கம் வைப்பதற்கே சட்டம் கிடையாது. சென்னை பின்னி மில்லின் வெள்ளைக்கார நிர்வாகம், சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தியதே குற்றம் போல ஆகிவிட்ட அந்த வழக்குதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்ற குரலுக்கு வலு சேர்த்தது. வெளிநாட்டு முதலாளிக்கு உள்ளூர்ச் சட்டம் பொருந்துமா என்று இன்று கேட்கிறோம். உள்ளூர்ச் சட்டத்தில் ஒரு பங்கு வெளிநாட்டு முதலாளியோடு மல்லுக்கு நின்றதால்தான் பிறந்தது.

ஆனால் சட்டம் பொருந்துவது ஒன்று, அதை நடத்தி வாங்குவது இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அங்கே சட்டம் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்தைப் பதிவு செய்வதுதான் சண்டை, அதிலும் சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரலாமா என்பது ஒரு பெரிய சண்டை. பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆகிவிட்டது. 1926-ல் கொடுத்த உரிமை.

ஆள் இருக்கிறான், கம்பெனி இல்லை

கொரோனாவுக்குப் பிறகு மூன்றாவது ரகம் ஒன்று முளைத்திருக்கிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ வீட்டு மாடியில் உட்கார்ந்து, இந்தியாவில் அலுவலகமே இல்லாத கம்பெனிக்கு வேலை செய்கிற பிள்ளைகள். கடிதத்தில் 'தனி ஒப்பந்ததாரர்' என்று எழுதியிருக்கும். சம்பளச் சீட்டுக்குப் பதில் மாதாமாதம் இவர்களே பில் போடுவார்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது.

பெயரை எப்படி எழுதினாலும் உண்மை உறவைத்தான் பார்க்க வேண்டும் என்று 1956-லேயே, தாரங்கதாரா உப்பளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. காலை ஒன்பது மணிக்கு லாக்-இன், லீவுக்கு அனுமதி, அவர்கள் கொடுத்த லேப்டாப், வேறு கம்பெனிக்கு வேலை செய்யத் தடை என்று இருந்தால் ஒப்பந்ததாரர் என்ற சொல் வெறும் சொல். வாதத்தில் ஜெயித்துவிடலாம். வசூலில்தான் இடறும். மதுரையில் வாங்கிய தீர்ப்பை வைத்துக்கொண்டு டெலவேரில் பணம் எடுக்க வேண்டுமானால் அங்கே தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டும். இங்கே அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை, எதை ஜப்தி செய்வது? இந்த ரகத்தில் சேரப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: இந்தியாவில் பதிவான ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் கடிதம் கேளுங்கள். அந்த 21 இலக்கத்துக்கு அவ்வளவு மதிப்பு.

போட்டுக்கொடுத்தவன்

இனி இரண்டாவது கேள்வி. உள்ளே நடக்கும் தப்பைச் சொல்பவனை விசில் புளோயர் என்று செய்தியில் கௌரவமாக எழுதுகிறோம். ஆபீஸ் கேண்டீனில் அவனுக்குப் பெயர் 'போட்டுக்கொடுத்தவன்'. சட்டமும் கிட்டத்தட்ட கேண்டீன் பக்கம்தான் நிற்கிறது.

தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புக்கு என்று நாடாளுமன்றம் 2014-ல் ஒரு சட்டம் இயற்றியது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேட்டை எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு எழுந்த கோரிக்கை அது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆகிவிட்டது. நடைமுறைக்கு மட்டும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தாலும் அது அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது, தனியார் கம்பெனிக்கு அதில் இடமில்லை.

தனியாருக்கு இருப்பது கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆம் பிரிவு. புகார் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும், சொன்னவரைப் பழிவாங்காமல் காக்க வேண்டும் என்கிறது. யாருக்கு? பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை. வடபழஞ்சிப் பிள்ளை பங்குச்சந்தையில் இல்லை, டெபாசிட் வாங்கவில்லை, பணம் மொத்தமும் அமெரிக்க அப்பன் அனுப்புகிறான். ஆக, எஃப்டிசி கம்பெனிகளில் கணிசமானவை இந்த வலையின் கண்ணுக்குள் நழுவிப் போய்விடும். சுவரில் ஒட்டியிருக்கும் 'ஸ்பீக் அப்' ஹாட்லைன் போஸ்டர் அவர்களாகப் பெரிய மனது பண்ணி வைத்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும், எந்த நாட்டு முதலாளியானாலும், புகாரை விசாரிக்க உள் குழு இருந்தே ஆக வேண்டும்.

"அமெரிக்காவில் சொன்னா கோடிக்கணக்குல பரிசு தர்றாங்களாமே மாமா?" தருகிறார்கள். அங்கே பங்குச்சந்தை ஆணையத்துக்குத் துப்புக் கொடுத்து, அதனால் 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டால், வசூலாவதில் 10 முதல் 30 சதவீதம் வரை சொன்னவருக்கு. எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். பாதுகாப்பு என்று வரும்போதுதான் சட்டம் தன் நாட்டு எல்லையில் நின்றுகொள்கிறது. சீமென்ஸ் கம்பெனியின் சீனப் பிரிவில் தைவானைச் சேர்ந்த ஒரு அதிகாரி, வடகொரியாவுக்கும் சீனாவுக்கும் மருத்துவக் கருவி விற்பதில் லஞ்சம் இருக்கிறது என்று உள்ளேயே புகார் சொன்னார், வேலை போனது. 2014 ஆகஸ்டில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நடந்ததெல்லாம் வெளிநாட்டில், பழிவாங்கலைத் தடுக்கும் எங்கள் பிரிவு அங்கே எட்டாது. அடுத்த மாதமே அந்த ஆணையம், வெளிநாட்டில் வசிக்கும் பெயர் சொல்லாத ஒருவருக்கு 3 கோடி டாலருக்கு மேல் பரிசு அறிவித்தது. பரிசு கடல் தாண்டும், பாதுகாப்பு தாண்டாது.

அங்கிருந்து நீளும் கை சில சமயம் இங்குள்ள கையைவிட நீளம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ரான்பாக்ஸியின் மருந்துத் தரவு மோசடியை வெளியே கொண்டுவந்த தினேஷ் தாக்குருக்கு 2013-ல் சுமார் 4.8 கோடி டாலர் கிடைத்தது, அரசாங்கத்தை ஏமாற்றுவதைச் சொன்னவருக்குப் பங்கு தரும் அமெரிக்கச் சட்டத்தால். சென்னையில் ஒரு கட்டட வளாகத்தின் திட்ட அனுமதிக்கு 20 லட்சம் டாலர் லஞ்சம் என்ற குற்றச்சாட்டில் காக்னிசன்ட் 2019-ல் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டதும் அமெரிக்க ஆணையத்திடம்தான். அந்த விஷயத்தைக் கம்பெனியே போய்த் தெரிவித்திருந்தது.

என் மருமகனுக்கு அந்தக் கதவும் திறக்காது. தாய்க் கம்பெனி அங்கேயும் பங்குச்சந்தையில் இல்லை. ஏமாந்த வாடிக்கையாளர் அரசாங்கமும் இல்லை, ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனி.

சட்டம் விட்ட ஓட்டையை ஒப்பந்தத்தால் அடைக்க முடியுமா என்பதற்கு மதுரைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆலை துணி தைத்துக் கொடுத்தது வெளிநாட்டு பிராண்டுகளுக்கு. பிராண்டுகள் இங்கே முதலாளி இல்லை, சம்பளம் கொடுப்பதில்லை, நம் சட்டம் அவர்களைத் தேடிப் போக வழி இல்லை. 2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் கட்டுப்பட்டன. ஆலைத் தளத்திலேயே தொழிலாளிகள் கண்காணிப்பாளராகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் அடி விழும். 177-ஆம் பிரிவு கொடுக்காத பாதுகாப்பு அந்தத் தையல் மெஷின் வரிசைக்கு அப்படித்தான் கிடைத்தது. ஐடி பூங்காவில் அப்படி ஒரு காகிதம் இன்னும் எழுதப்படவில்லை, எழுதச் சொல்லிக் கேட்க அங்கே பெரும்பாலும் சங்கமும் இல்லை.

அன்று ராத்திரி அவனிடம் மூன்று விஷயம் சொன்னேன். ராஜினாமா எழுதாதே, எழுதினால் நீயே போனதாக ஆகிவிடும். பில் விவகாரத்துக்கு ஆதாரமாகப் போனில் எடுத்து வைத்திருக்கும் ஸ்கிரீன் போட்டோவை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, வாடிக்கையாளர் விவரம் வெளியே போனால் குற்றவாளி நீ. எழுத வேண்டியதை அதிகாரம் உள்ளவருக்கு மட்டும் எழுது. நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் சொல்லும் புகாரை அவதூறுச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது, ஃபேஸ்புக் அந்த அதிகாரி இல்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் மூன்றாவது வாய்தாவில் பேச்சு முடிந்தது. கம்பெனி பக்கம் சென்னையிலிருந்து ஒரு வக்கீலும், எச்ஆர் பெண் ஒருவரும் வந்திருந்தார்கள். டெலவேர் என்ற சொல்லை அந்த வக்கீல் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், வருடத்துக்கு 15 நாள் கணக்கு, அனுபவச் சான்றிதழ் என்று எல்லாம் ஒப்புக்கொண்டார். பில் விவகாரத்தை நான் எடுத்தேன். சமரச அலுவலர் மரியாதையாகவே சொன்னார்: "அது இந்த ஃபைல்ல வராதுங்க சார்."

உடன்படிக்கையின் கடைசி வரியில், கம்பெனி மீது இனி எந்தப் புகாரும் சொல்ல மாட்டேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்டான், அந்த வரி பில் விஷயத்தையும் கட்டுமா என்று. குற்றத்தை மூடி மறைக்க எழுதி வாங்குவது செல்லாது என்றேன்.

"சரி மாமா, செல்லாது. யார்கிட்ட போய்ச் சொல்றது?"